நகைச்சுவையில் கேட்பவரின் பங்கு: வாசகர் கேள்வி பதில்

இலக்கியத்திலும் திரைப்படத்திலும் சமூக வாழ்விலும் நகைச்சுவைக்கு உள்ள இடம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகையை முதலில் வைத்திருக்கிறது. ஆனால் நகைச்சுவை எழுத்தை இரண்டாந்தரமானதாகக் கருதும் போக்கு விமர்சகர்களிடம் இருக்கிறது. இது எப்படி நேர்ந்தது?

பதில்: வரிசையில் முதலில் நிற்கிறது என்பதாலேயே நகைக்குத் தொல்காப்பியர் தலைமை கொடுத்துவிட்டார் என்று கொள்வது அவசரம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை என்று தொடங்கும் அந்த வரிசைக்குச் செய்யுளின் ஓசையும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நகை எவற்றிலிருந்து பிறக்கிறது என்று அவர் சொல்லும் இடம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் அடியாக நகை தோன்றும் என்கிறார். உரையாசிரியரான பேராசிரியர், இவற்றுள் எள்ளலை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது மற்றொன்று. கேலிக்கு ஆளானவரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறானவை. பேதைமை அறிவின்மை, மடன் என்பது பெரும்பாலும், பிறர் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு அதை விடாதிருத்தல். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதையின் சீடர்கள் இந்த மடனுக்கு வார்த்தெடுத்தாற்போன்ற எடுத்துக்காட்டுகள். குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது. சொல்லப்படாததால் சீடர்கள் அதை எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு கடிந்துகொள்ள, அவர்கள் குதிரையின் லத்தியையும் பத்திரமாக ஏந்திக்கொள்கிறார்கள். பொறுக்க முடியாமல் எவற்றை எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொடுக்கிறார் குரு. பிறகு குருவே குதிரையிலிருந்து விழுகிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் தூக்கிவிட மறுக்கிறார்கள். பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், உயிருள்ள மனிதன் இயந்திரத்தைப்போல நடந்துகொள்ளும் இடத்தில்தான் சிரிப்புப் பிறக்கிறது என்றும், அந்த விறைப்பைச் சமூகம் சிரிப்பால் கண்டிக்கிறது என்றும் வாதிட்டார். அவர் நீண்ட நூலில் நிறுவ முயன்றதன் பெரும்பகுதி, மடன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மொழிப்பற்றாகிவிடாது என்று நினைக்கிறேன்.

இரண்டாந்தரம் என்ற எண்ணம் நம்மிடம் மட்டும் இருப்பதன்று. பிளேட்டோ தமது இலட்சிய நாட்டின் காவலர்கள் சிரிப்புக்கு எளிதில் ஆட்படக் கூடாது என்றார். அரிஸ்டாட்டில், இன்பியல் நாடகம், அதாவது நகைச்சுவை நாடகம், தாழ்ந்த குணமுடையோரைச் சித்திரிப்பது என்று வகுத்தார். துன்பியலைப்போல அதையும் அவர் விரிவாக ஆராய்ந்த பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பழைய நூல்களைக் காட்டிலும் எளிமையான காரணம் ஒன்று உண்டு. துயரக் கதை தோற்றாலும் அதற்கு ஒரு கௌரவம் மிஞ்சிவிடுகிறது. வாசகருக்குப் பக்குவம் போதவில்லை என்று ஆசிரியர் சொல்லிக்கொள்ளலாம். நகைச்சுவை எழுத்தாளருக்கு அந்தப் புகலிடம் கிடையாது. சிரிப்பு வரவில்லை என்று வாசகர் சொல்லிவிட்டால் மேல்முறையீடு இல்லை. எல்லோராலும் உடனே மதிப்பிட முடிகிற ஒன்றை மதிப்பிட விமர்சகர் எதற்கு என்ற அச்சம் விமர்சகர்களுக்கு இருந்தால் வியப்பில்லை.

கேள்வி: ஒரே நகைச்சுவைக் காட்சியைத் தனியாகப் பார்க்கும்போது புன்னகையோடு நின்றுவிடுகிறேன்; திரையரங்கில் பார்க்கும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். இது ஏன்? நகைச்சுவை நடிகர்கள் பெரும்பாலும் இணையாகவே வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன், மனிதர்கள் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும் இடங்களில் சிரிப்பைக் கவனித்துக் குறித்துவைத்து ஆராய்ந்தவர். அவர் கண்டவற்றுள் இரண்டு நமக்குப் பயன்படும். முதலாவது, தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள். இரண்டாவது, அன்றாடப் பேச்சில் எழும் சிரிப்பில் பெரும்பகுதி துணுக்குகளுக்கு எழுவதில்லை. ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ என்பது போன்ற வெறும் வாக்கியங்களை அடுத்தே எழுகிறது. சிரிப்பு முதலில் ஓர் உறவுக் குறி. ‘நானும் உன் பக்கம் இருக்கிறேன்’ என்று ஒருவர் மற்றவருக்குத் தெரிவிப்பது. நகைச்சுவைக் கலை அந்தக் குறியைத் திட்டமிட்டு வரவழைக்கும் முயற்சி. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்க்கும் வழக்கம் பரவியதற்குக் காரணமும் இதுதான்: வீட்டில் தனியாக அமர்ந்திருப்பவருக்கு அருகில் ஆட்கள் இருப்பதாக ஒரு மயக்கத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்த ஒலி எரிச்சலைத்தான் தருகிறது. எங்கே சிரிக்க வேண்டும் என்று பிறர் சொல்லிக்கொடுப்பதை யாரும் விரும்புவதில்லை.

இணையாக வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். நகைச்சுவையில் பேசுபவரைக் கவனிக்கும் நாம், கேட்பவரைக் கவனிப்பதில்லை. 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், நாகேஷ் தாம் எடுக்கப்போகும் படத்தின் கதையைப் பாலையாவுக்குச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாகேஷ் சொல்லும் கதையில் கதை என்று ஒன்றுமே இல்லை. ஓசைகளும் இடைவெளிகளும்தான் இருக்கின்றன. அவற்றைக் கதையாக்குவது பாலையாவின் முகம். அவர் அஞ்சுகிறார், எச்சில் விழுங்குகிறார், அடுத்தது என்ன என்று ஏங்குகிறார். நாம் சிரிப்பது அந்த அச்சத்தைப் பார்த்து. பாலையாவின் இடத்தில் அசையாத முகம் கொண்ட ஒருவரை அமர்த்தினால் காட்சி அங்கேயே முடிந்துவிடும்.

1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியும் இதே அமைப்புடையதுதான். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னால் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவந்து, ‘இன்னொன்று எங்கே’ என்ற கேள்விக்கு, கையிலிருக்கும் பழமே அந்த இன்னொன்று என்று செந்தில் சாதிக்கிறார். இலக்கணப்படியும் தருக்கப்படியும் அந்தப் பதிலில் பிழை இல்லை. பிழையில்லாத பதிலிடம் ஒரு மனிதன் படும் பாட்டைக் கவுண்டமணி படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகிறார். செந்திலின் ஒரே பதில் மாறவே மாறாது. மாறுவதெல்லாம் கேட்பவரின் பொறுமை. நான் மேலே சொன்ன மடனுக்கு இதுவும் பொருந்தும், ஆனால் இங்கே அது கள்ள மடன்.

கேள்வி: தமிழ்த் திரைப்படங்களில் நகைச்சுவை ஏன் நெடுங்காலம் தனிக் கிளையாக, கதையோடு ஒட்டாமல் இருந்தது? அது குறையா?

பதில்: வணிகக் காரணம் வெளிப்படை. கதையோடு ஒட்டாத பகுதியைத் தனியே எடுத்துச் சேர்க்கலாம். படத்தின் வேகம் குறைந்தால் இடையில் செருகலாம். நடிகரின் பெயருக்காகவே படம் விலைபோகும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தங்கள் பகுதிகளைத் தாங்களே அமைத்துக்கொண்ட காலத்திலிருந்தே இந்த வழக்கம் வேரூன்றியது.

ஆனால் தனிக் கிளையாக இருந்ததில் ஒரு விடுதலையும் இருந்தது. முதன்மைக் கதை கற்பு, வீரம், தியாகம் என்று உயரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, அதே படத்தின் இன்னொரு மூலையில் அவற்றையெல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கும் ஒருவர் நடமாட முடிந்தது. இது திரைப்படம் கண்டுபிடித்த உத்தியன்று. வடமொழி நாடகத்தில் அரசன் சமஸ்கிருதம் பேச, அவனுடைய தோழனான விதூஷகன் பிராகிருதத்தில் பேசி அரசனின் காதல் புலம்பலுக்கு நடுவே தன் பசியை நினைவூட்டுவான். தெருக்கூத்தில் கட்டியங்காரன், புராண காலத்து மன்னனிடம் இன்றைய ஊர்ப் பேச்சைப் பேசுவான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் அவனால் கால்வைத்து நிற்க முடியும். கலைவாணரின் கிந்தனார் காலட்சேபம் இந்த மரபில் வருவதுதான். நந்தனார் சரித்திரத்தின் பக்திக் காலட்சேப வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, கல்வியால் உயரும் சிறுவன் ஒருவனின் கதையை அதற்குள் வைத்தார். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அது இடம்பெற்றது. வடிவம் கேட்பவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால்தான், அதற்குள் மாறியிருப்பது என்ன என்பதையும் அவர்களே கண்டுகொண்டார்கள். மேடையேறி அறிவுரை சொல்லியிருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

இப்போது நகைச்சுவையைக் கதையோடு இழைக்கிறார்கள். கட்டுக்கோப்பு கூடியிருக்கிறது. ஆனால் கதாநாயகனே நகைச்சுவையும் செய்துவிடுவதால், கதாநாயகனைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லாமல் போய்விட்டது. இந்த இழப்பைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

கேள்வி: உடல் பருமன், நிறம், உயரம், மாற்றுப்பாலினம் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்ட பழைய நகைச்சுவைக் காட்சிகளை இன்று கண்டிக்கிறார்கள். எல்லாவற்றையும் இப்படிக் கண்டித்தால் சிரிப்பதற்கு என்ன மிஞ்சும்? பழைய இலக்கியத்தில் இவை இல்லையா?

பதில்: இருக்கின்றன. கலித்தொகையின் மருதக்கலிப் பகுதியில் கூனி ஒருத்தியும் குறளன் (குள்ளன்) ஒருவனும் வழியில் சந்தித்து ஒருவர் உடலை ஒருவர் கேலி செய்துகொள்ளும் பாடல் ஒன்று உண்டு. இன்றைய காதுக்கு அதில் பல வரிகள் உறுத்தும். சங்க இலக்கியத்தில் இருப்பதாலேயே அது நல்ல நகைச்சுவை என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாடலில் கேலிக்கு ஆளாகும் இருவருக்கும் வாய் இருக்கிறது. அடிக்கு அடி பதில் கொடுக்கிறார்கள். முடிவில் சமாதானமாகி இணைந்து போகிறார்கள். பிற்காலத் திரைப்படக் காட்சிகள் பலவற்றில் அந்தப் பருத்த பெண்ணுக்கோ கறுத்த பெண்ணுக்கோ ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. அவர் திரையில் தோன்றுவார், இசை மாறும், மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், அரங்கம் சிரிக்கும்.

அரிஸ்டாட்டில், சிரிப்புக்குரியது ஒரு குறைபாடு அல்லது அவலட்சணம் என்று சொல்லிவிட்டு, அது வலியோ அழிவோ உண்டாக்காததாக இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பையும் இட்டார். வலி யாருக்கு என்று அவர் விளக்கவில்லை. நாம் விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் அரங்கில் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் காட்சிகள் எழுதப்பட்டன. அவர் மூன்றாம் வரிசையில், தம் பிள்ளைகளோடு, நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்திருந்தார் என்பது எழுதியவருக்குத் தோன்றவில்லை.

அறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தொழில் அளவில் மட்டும் பார்த்தாலும் இந்த வகை நகைச்சுவை சோம்பேறித்தனமானது என்பதே என் கருத்து. நல்ல நகைச்சுவை ஓர் இடைவெளியை விட்டுவைக்கிறது. கேட்பவர் தம் அறிவால் அதைத் தாண்டிவந்து சிரிக்கிறார். நிறத்தைச் சொன்னாலே சிரிப்பு வருமானால் கேட்பவர் எதையும் தாண்டவில்லை. அவருக்குள் ஏற்கெனவே இருந்த ஏளனம் அனுமதி பெற்று வெளியே வருகிறது, அவ்வளவுதான். அனுமதி கொடுத்தவர் எழுத்தாளர் என்றால், வாங்கிக்கொண்டவர்கள் நாம். ஆகவே பழைய காட்சிகளுக்காக நடிகர்களை மட்டும் குற்றம் சாட்டுவதும் ஒரு தப்பித்தலே. அந்தப் படங்களை அழிக்கவோ வெட்டவோ வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எதற்கெல்லாம் ஓர் அரங்கமே ஒன்றாகச் சிரித்தது என்பதற்கு அவற்றைவிட நேர்மையான ஆவணம் இல்லை.

என்ன மிஞ்சும் என்று கேட்டீர்கள். பேராசை, பொய்க் கௌரவம், பதவிச் செருக்கு, அரைகுறை அறிவு, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் திறமை ஆகியவை மிஞ்சும். இவற்றுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை.

கேள்வி: திருக்குறள் போன்ற அறநூலில் நகைச்சுவை உண்டா?

பதில்: கயமை அதிகாரத்தைப் படியுங்கள். கயவர் மக்களைப் போலவே இருப்பார்கள், இப்படி ஓர் ஒற்றுமையை நாம் வேறெங்கும் கண்டதில்லை என்று அதிகாரம் தொடங்குகிறது. மூன்றாவது குறள், கயவர் தேவரை ஒப்பவர் என்கிறது. ஏனென்றால் அவர்களும் தாம் விரும்பியதையே செய்து திரிவார்கள். முதல் பாதியில் கயவருக்குப் பாராட்டு. இரண்டாம் பாதியில் கயவருக்கு வசை, தேவருக்கும் ஒரு குத்து. வள்ளுவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூடத் தெரியாது.

இப்படி வெளிப்படையாகவன்றி மறைவாகப் பழிப்பதை ஒரு தனிக் கலையாகவே பழந்தமிழர் கருதினார்கள். பழித்துப் பாடும் அங்கதத்தைச் செம்பொருள் (வெளிப்படையான பழிப்பு), பழிகரப்பு (மறைவான பழிப்பு) என்று தொல்காப்பியம் இரண்டாக வகுக்கிறது. பழிகரப்புக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் கருவிகள் மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன. எம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று அவர் பாடுகிறார். தொண்டைமானைப் பற்றி ஒரு குறைச்சொல்கூட இல்லை. உன் ஆயுதங்கள் போரையே பார்க்கவில்லை என்ற வாக்கியத்தைத் தொண்டைமானே தன் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார்.

கேள்வி: நகைச்சுவையால் அதிகாரத்தை அசைக்க முடியுமா? சமூகத்தை மாற்ற முடியுமா?

பதில்: அதிகாரத்தில் இருப்பவர்கள் முடியும் என்று நம்புகிறார்கள், நகைச்சுவையாளர்களைவிட உறுதியாகவே நம்புகிறார்கள். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு துணுக்கு வெளியானது. மேடையில் அமர்ந்திருப்பவர்களில் யார் சட்டமன்ற உறுப்பினர், யார் அமைச்சர் என்ற கேள்விக்கு, ஒருவர் ஜேப்படிக்காரரைப் போலவும் மற்றவர் முகமூடிக் கொள்ளைக்காரரைப் போலவும் இருப்பதாக அடையாளம் சொல்லும் பதில். தமிழ்நாடு சட்டமன்றம் இதை உரிமை மீறலாகக் கருதி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பெரும் எதிர்ப்பு எழ, ஓரிரு நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் நீதிமன்றம் சென்று, தண்டனை செல்லாது என்ற தீர்ப்பையும் 1,000 ரூபாய் இழப்பீட்டையும் பெற்றார். அந்தத் துணுக்கில் எந்த அமைச்சரின் பெயரும் இல்லை, எந்த ஊழலின் விவரமும் இல்லை. அது அவையைச் சுட்டது என்றால், படித்தவர்கள் யாரும் ‘ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்’ என்று கேட்கவில்லை என்பதே காரணம். பல்லாயிரம் பேர் தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்ததை, மற்றவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரியப்படுத்திவிட்டது.

நகைச்சுவையின் அரசியல் வலிமை இந்த அளவில்தான் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். கி.மு. 424இல் ஏதென்ஸில் அரிஸ்டோபனிஸ், மக்களின் செல்வாக்குப் பெற்றிருந்த தலைவன் கிளியோனைத் தம் நாடகம் ஒன்றில் ஈவிரக்கமின்றிக் கிழித்தார். மக்கள் விழுந்து விழுந்து சிரித்து அந்த நாடகத்துக்கு முதற்பரிசு கொடுத்தார்கள். பிறகு, அதே ஆண்டில், அதே மக்கள் கிளியோனைப் படைத்தலைவர்களில் ஒருவனாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிரித்து முடித்தபோது கோபமும் தீர்ந்துவிட்டதா, அல்லது கேலிக்குரியவன் என்று தெரிந்தே வேண்டியிருந்ததா என்பது மேலும் யோசிக்க வேண்டியது. சிரிப்பு சில வேளைகளில் கொதிக்கும் பானையின் மூடியைச் சற்றே திறந்து ஆவியை வெளியேற்றிவிடுகிறது. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது.

எல்லையும் உண்டு. சார்லி சாப்ளின் 1940இல் ஹிட்லரைப் பகடி செய்து ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தை வெளியிட்டார். போர் முடிந்து வதை முகாம்களின் உண்மை உலகுக்குத் தெரிந்த பிறகு, 1964இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், அந்தக் கொடுமைகளை முன்பே அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று எழுதினார். அறியாமல் எடுத்தது நல்லதாயிற்று என்பது என் எண்ணம். சர்வாதிகாரி விரும்புவது அச்சத்தை. அச்சத்தோடு சேர்ந்து வரும் ஒருவகை மரியாதையை. சாப்ளின் அந்த மரியாதையை அவனுக்குக் கொடுக்கவில்லை.

கேள்வி: துக்கத்தின் நடுவே வரும் நகைச்சுவை துக்கத்தைக் கெடுத்துவிடாதா?

பதில்: எழுதுபவரின் கையைப் பொறுத்தது. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பத்’ நாடகத்தில் அரசன் கொலையுண்ட சற்று நேரத்தில், குடிபோதையில் உளறிக்கொண்டு ஒரு வாயிற்காவலன் கதவு திறக்க வருகிறான். கொலைக்குப் பின்னும் உலகம் தன் அன்றாடத்தோடு நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த உளறலில் தெரிவதால், நடந்த கொலை முன்னைவிடப் பயங்கரமாகிறது.

உளப்பகுப்பாய்வு அறிஞர் பிராய்டு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறார். திங்கட்கிழமை தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படும் ஒருவன், ‘இந்த வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது’ என்கிறானாம். அவனால் எதையும் மாற்ற முடியாது. தன்னைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க மட்டும் முடிகிறது. இடுக்கண் வருங்கால் நகுக என்ற குறளுக்குப் பரிமேலழகர் முதலியோர் என்ன உரை சொன்னாலும், எனக்கு அந்தக் கைதிதான் நினைவுக்கு வருகிறான். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், பூமிக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போகிறார். வழியிலேயே தாம் நடத்தும் பத்திரிகைக்கு அவரை ஆயுள் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். படிக்கும்போது சிரிக்கிறோம். கடவுளே எதிரில் வந்தாலும் சந்தாவைத் தவிர வேறு எதையும் கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்த மனிதரை வாழ்க்கை நெருக்கிவைத்திருக்கிறது என்பது பிறகுதான் உறைக்கிறது.

கேள்வி: இணையத்தில் எதற்கெடுத்தாலும் வடிவேலுவின் படம்தான். மீம்களை நகைச்சுவை இலக்கியம் என்று சொல்லலாமா?

பதில்: இலக்கியம் என்ற பட்டம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. வடிவேலு பெரும்பாலும் ஏற்றது, வீராப்பாகக் கிளம்பி அடிவாங்கித் திரும்பும் மனிதனின் பாத்திரம். தோல்வியின் அத்தனை படிநிலைகளுக்கும் அவரிடம் ஒவ்வொரு முகம் இருக்கிறது. அன்றாடம் தோற்கும் நமக்கு அவை எழுத்துகளைப்போலப் பயன்படுகின்றன. 2001இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த நேசமணிக்காக (வடிவேலு ஏற்ற பாத்திரம்), 2019 மே மாதத்தில் இணையத்தில் பெருங்கூட்டம் ‘பிரார்த்தனை’ செய்தது. தமிழ் அறியாதவர்கள் யார் இந்த நேசமணி என்று கேட்டபோது, மிகுந்த கவலையோடு உடல்நிலை அறிக்கைகளை வெளியிட்டார்கள். சொல்லிவைத்தாற்போல ஒருவர்கூட முகத்தைக் கோணவில்லை. இத்தனை பேர் சேர்ந்து நடித்த நகைச்சுவை நாடகம் தமிழில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

கேள்வி: சங்கப் பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த நகைச்சுவைப் பாடல் எது?

பதில்: கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாடல். சிறுவயதில் மணல் வீட்டைக் கலைத்து வம்பு செய்த ஒருவன், வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறான். தாய் மகளிடம் நீர் கொடுத்தனுப்ப, அவன் அவள் கையைப் பற்றிவிடுகிறான். இவன் செய்ததைப் பாரம்மா என்று அவள் அலறுகிறாள். தாய் ஓடிவந்ததும், நீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் மகளைப் பார்த்துச் சிரிக்கிறான். மூவர் நிற்கும் இடத்தில் இருவருக்கு மட்டும் தெரிந்த நகைச்சுவை இது. இதையெல்லாம் அவள் தோழியிடம் சொல்வதாகப் பாடல் அமைந்திருப்பதால், தோழி மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்கிறாள். படிக்கும் நாம் நான்காவது.

கேள்வி: வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது உண்மையா?

பதில்: அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ், கடுமையான நோயில் கிடந்தபோது நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்ததாகவும், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணிநேரம் வலியின்றித் தூங்க முடிந்ததாகவும் எழுதினார். அவர் அதே வேளையில் உயிர்ச்சத்து சி-யையும் பெருமளவில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருவருடைய அனுபவத்திலிருந்து பொதுவிதி வகுக்கவும் இயலாது. பிறரோடு சேர்ந்து நன்றாகச் சிரித்தபின் வலியைத் தாங்கும் அளவு சற்றுக் கூடுகிறது என்று உளவியல் அறிஞர் ராபின் டன்பார் குழுவினர் நடத்திய சோதனைகள் காட்டின. வலியைத் தாங்குவது வேறு, நோய் போவது வேறு. உங்கள் மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை நேரத்துக்கு விழுங்கிவிடுங்கள். சிரிப்பதற்கு அவருடைய கையெழுத்தே போதும்.